ரசமட்டமும் 832 படிகளும்

இட்லிப் பொடிக்கும் நாலு முழ வேட்டிகளுக்கும் நடுவே ஓர் ஆறு அங்குல ரசமட்டமும் பெட்டியில் ஏறி அமெரிக்கா வந்திருந்தது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவரின் பெட்டி அது. “கண்ணாடியை மறந்தாலும் மறப்பாரு, இதை மறக்கமாட்டாரு” என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்த முதல் வாரமே சமையல் மேடை, மாடிப்படி, புத்தக அலமாரி எல்லாம் ரசமட்டத்தின் பரிசோதனைக்கு ஆளாயின. அலமாரி மட்டும் தேறவில்லை.

2019 ஜூனில் மகனுக்கு மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போலக் கிடைத்தது. மருமகளுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. அவரால் வர முடியாது. மகன், பத்து வயதுப் பேத்தி, தாத்தா, பாட்டி என்று நாலு பேர். எங்கே போவது என்பதைவிட எப்படிப் போவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பாட்டிக்கு இரண்டு விஷயங்களில் சமரசம் கிடையாது. ஒன்று, தன் கையால் சமைத்த சாப்பாடு. மற்றொன்று, கூப்பிடு தூரத்தில் கழிப்பறை. இரண்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் ஒரு வாகனம் உண்டு என்று மகனுக்கு அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித் தந்தார். அப்படித்தான் 22 அடி நீளமும் 11 அடி உயரமும் கொண்ட கேம்பர்வேன் ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசலுக்கு வந்து நின்றது. இரண்டு எரிவாயு அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ், டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நின்றால் தோள் இடிக்கும் ஒரு குளியலறை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போனார்கள். கழிவுத் தொட்டி நிரம்பியதைக் காட்டும் விளக்கு, தொட்டி காலியாக இருக்கும்போதும் எரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

போகும் இடம் வாட்கின்ஸ் கிளென். நியூயார்க் மாநிலத்தின் நடுவே விரல்களைப் பரப்பி வைத்ததுபோல வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் 11 ஏரிகளுக்கு ஃபிங்கர் லேக்ஸ் என்று பெயர். அவற்றில் ஆழமானது செனகா ஏரி, 618 அடி. அதன் தென்முனையில் இருக்கும் சின்ன ஊர் இது. கடைத்தெருவிலிருந்து பார்த்தால் மேற்கே பாறைச் சுவர் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவுக்குள் இரண்டு மைல் தூரத்தில் 400 அடி இறங்கிவரும் ஓர் ஓடை 19 அருவிகளை உண்டாக்கி வைத்திருக்கிறது.

வேனைக் கிளப்புவதற்கு முன்பே மகன் ஒரு மஞ்சள் காகிதத்தில் ‘11 அடி’ என்று எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். நியூயார்க் பக்கத்தில் பார்க்வே என்று பெயர் கொண்ட பழைய சாலைகளில் பாலங்கள் தாழ்வானவை. கார்களை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டியவை. தலையைக் கொடுத்துக் கூரையை இழந்த வண்டிகளின் படங்கள் வருடந்தோறும் செய்தித்தாளில் வரும். அதனால் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போய், டெலவேர் ஆறு மலையை அறுத்துக்கொண்டு வெளியேறும் வாட்டர் கேப் வழியாக பென்சில்வேனியாவுக்குள் நுழைந்து, பிங்ஹாம்டன் போய்ச் சுற்றினார்கள். காரில் நாலு மணி நேரத்துச் சங்கதி. வேனில் ஆறு மணி நேரம் ஆனது. இதில் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜ் கதவுக்குப் பலி. கொக்கியைப் போடாமல் கிளம்பியதில், முதல் பெரிய வளைவிலேயே அது திறந்துகொண்டு ஒரு சம்படம் புளிக்குழம்பைத் தரையில் கொட்டியது. மூன்று நாளும் வேனுக்குள் புளிக்குழம்பு வாசனை. திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணமாக அது பில்லிலும் வந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் பேத்திக்குச் சந்தேகம். நடைபாதையில் கார் பந்தய வீரர்களின் பெயர்களைப் பதித்து வைத்திருந்தார்கள். அருவி ஊரில் கார் எதற்கு? 1948இல் இந்த ஊரின் தெருக்களிலேயே, 6.6 மைல் சுற்றில், நீதிமன்றக் கட்டடத்துக்கு முன்னால் தொடங்கிப் பந்தயம் விட்டார்கள். 1952இல் வேடிக்கை பார்த்த ஒரு குழந்தை கார் மோதி இறந்த பிறகு பந்தயம் தெருவை விட்டு வெளியேறியது. 1961 முதல் 1980 வரை ஃபார்முலா ஒன் பந்தயமே இங்கே மலைமேல் இருக்கும் தடத்தில்தான் நடந்தது. ஓவர்சியர் இதைக் கேட்டுவிட்டுத் தெருவின் வளைவை ஒருமுறை பார்த்தார். “இந்தத் திருப்பத்துல சாய்மானமே கொடுக்கலையேப்பா” என்றார்.

முகாம் மைதானம் மலையிடுக்கின் தென்கரைமேல் காட்டுக்குள் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தியபோதுதான் ரசமட்டத்துக்கு வேலை வந்தது.

அந்த கேம்பர்வேனின் ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜைப் போல கம்ப்ரெசரால் ஓடுவதில்லை. எரிவாயுச் சுடரின் சூட்டில் அம்மோனியாக் கரைசல் கொதித்து, ஆவியாகி, மறுபடி திரவமாகித் தன் எடையால் குழாய்களில் கீழே வழிந்து வருவதால் குளிர் உண்டாகிறது. வண்டி சாய்ந்து நின்றால் வழியவேண்டிய திரவம் வழியாது; ஃபிரிட்ஜ் படுத்துவிடும். அதற்காக மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகள் கொடுத்திருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றவேண்டும். எத்தனை கட்டை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மகன் நினைத்தான். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஃபிரிட்ஜுக்குள் தட்டின்மேல் ரசமட்டத்தை வைத்தார். பிறகு வெளியே வந்து கையை ஆட்ட ஆரம்பித்தார். “இன்னும் ஒரு கட்டை... முன்னாடி... போதும், நிறுத்து.” பக்கத்து இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தன் வண்டிக்கும் அந்தக் கருவியைக் கொண்டுவர முடியுமா என்று சைகையில் கேட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. காற்றுக்குமிழி நடுவுக்கு வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள்.

அந்த மைதானத்தின் பெயர் சிக்ஸ் நேஷன்ஸ். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்று ஆறு பூர்வகுடி இனங்கள் சேர்ந்த கூட்டமைப்பைக் குறிக்கும் பெயர். உள்ளே வண்டி நிறுத்தும் வட்டங்களுக்கும் அந்தப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். 1779இல் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய ஜெனரல் சல்லிவனின் படை இந்த மக்களின் ஊர்களில் நாற்பதுக்கு மேல் எரித்தது. சோளக் கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. பள்ளியில் படித்ததைப் பேத்தி சொல்லச் சொல்லக் கேட்ட பாட்டி, “ஊரைக் கொளுத்திட்டு, கூடாரம் போடற இடத்துக்குப் பேரு வெச்சாங்களாக்கும்” என்றார். அந்த வட்டாரச் சரித்திரத்துக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடைக்காது.

இரவில் நெருப்பு மூட்ட விறகு வேண்டும். மகன் வீட்டுக் கொல்லையில் வெட்டிப் போட்ட மரத்துண்டுகள் கிடந்தன, எடுத்துவரத்தான் நினைத்திருந்தான். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அந்த அலுவலக நண்பர் தடுத்தார். பக்குவம் செய்யாத விறகை வெளிமாநிலத்திலிருந்து நியூயார்க்குக்குள் கொண்டுவரக் கூடாது. மாநிலத்துக்குள்ளேயே 50 மைலுக்கு மேல் நகர்த்தக் கூடாது. விறகுக்குள் ஒளிந்து பயணம் செய்யும் வண்டுகள் காட்டையே தின்றுவிடுகின்றன. மரகதப் பச்சையில் பளபளக்கும் ஒரு சின்ன வண்டு வட அமெரிக்கா முழுக்கக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்திருக்கிறது. ஓவர்சியருக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. சட்டம் போட்டதைவிட, அதை ஒருவர் இன்னொருவருக்கு நினைவூட்டியது பிடித்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் காபி முடித்து, காட்டுப் பாதையில் தொங்குபாலம் வரை நாலு பேரும் நடந்தார்கள். ஓடையிலிருந்து 85 அடி உயரத்தில் இரண்டு பாறை விளிம்புகளையும் சேர்க்கும் பாலம். நடுவில் நின்று பாட்டி கீழே எட்டிப் பார்த்தார். இருட்டும் பச்சையும் நுரையும். எங்கிருந்தோ இரைச்சல். “பார்த்தாச்சு. முட்டியை வெச்சுக்கிட்டு அங்கெல்லாம் எறங்க நம்மால ஆகாது” என்று சொல்லிவிட்டு வேனுக்குத் திரும்பிவிட்டார். மற்ற மூன்று பேரும் கரையோரமாகக் கீழ்வாசலுக்கு இறங்கினார்கள். அங்கிருந்து ஒன்றரை மைல், 832 படிகள், மேலே ஏற வேண்டும். பேத்தி படிகளை எண்ணுவதாகச் சபதம் செய்திருந்தாள்.

முதலில் பாறையில் கையால் குடைந்த ஒரு சுரங்கம். வெளியே வந்தால் ஓடையின்மேல் ஒரு சிறு கல்பாலம். ஒரு காலத்தில் இந்த ஓடை மில்களை ஓட்டிக்கொண்டிருந்தது; ஊருக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் வாட்கின்ஸ் காலத்துக் கதை. அதற்கப்புறம் கேவர்ன் கேஸ்கேட். இந்த அருவிக்குப் பாதை முன்னால் போவதில்லை, பின்னால் போகிறது. தண்ணீர்த் திரைக்கும் பாறைக்கும் நடுவே ஆள் நடக்கும் அகலம். தோளெல்லாம் சாரல். பேத்தி கத்திக்கொண்டே ஓடினாள். எண்ணிக்கை அங்கேயே தவறியது. “எழுபத்தி ஏழா, எழுபத்தி ஒன்பதா தாத்தா?” தாத்தாவின் காதில் அது விழவில்லை. அவர் குனிந்து கைப்பிடிச் சுவரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மலையிடுக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தண்ணீரைப் பற்றியே எழுதுகிறார்கள். தண்ணீர் அப்படியொன்றும் அதிகமில்லை. மழை இல்லாத வாரத்தில் கிளென் ஓடை முழங்காலளவு ஓடும் சாதாரண ஓடை. ஓவர்சியர் கண்டுபிடித்தது வேறு. செங்குத்துப் பாறையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு ஒன்றரை மைல் ஒரு பாதை போகிறது. அதன் கைப்பிடிச் சுவர்க் கற்களைத் தட்டை தட்டையாக, பாறையின் அடுக்கு எந்த வாட்டத்தில் ஓடுகிறதோ அதே வாட்டத்தில் அடுக்கியிருக்கிறார்கள். பத்தடி தள்ளி நின்றால் சுவர் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படிகள் எல்லாம் லேசாக வெளிப்பக்கம் வாட்டம். தேங்காமல் வடிய சுவரடியில் துளைகள். “வேலைன்னா இதுதான் வேலை” என்றார். மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு இதுதான் என்பதை மகன் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

பாதைக்கு ஒரு கதை உண்டு. எல்மைராவைச் சேர்ந்த மோர்வால்டன் எல்ஸ் என்ற பத்திரிகைக்காரர் 1863இல் இந்த இடத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டத் தொடங்கினார். பத்திரிகைக்காரர்கள் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. மர ஏணிகள், அப்புறம் இரும்புப் படிகள், இரும்புப் பாலங்கள். வளைவுக்கு வளைவு கதீட்ரல், ரெயின்போ, ஜேக்கப் ஏணி என்று பெயர்கள். 1906இல் நியூயார்க் மாநிலம் இதை வாங்கிப் பொதுச் சொத்தாக்கியது. இன்றைக்கும் நடந்து வருகிறவருக்குக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தத்தான் காசு.

1935 ஜூலையில் பேய்மழை. உடைந்த மரங்களும் பாறைகளும் இடுக்கில் அடைத்துக்கொள்ள, காலையில் பாட்டி நின்று பார்த்தாரே அந்தத் தொங்குபாலம், அதற்கு ஐந்தடி கீழே வரைக்கும் வெள்ளம் ஏறியது. எண்பதடி உயரத் தண்ணீர்! இரும்புப் படிகளும் பாலங்களும் போன இடம் தெரியவில்லை. மறுபடி கட்ட வந்தவர்கள் வேலையில்லாத பையன்கள். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1933இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற திட்டத்தில் கல்யாணமாகாத இளைஞர்களைச் சேர்த்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் ஐந்து. இரும்பு வெள்ளத்தில் போனதால் இந்த முறை கல்லும் கான்கிரீட்டும். 1942இல் திட்டத்தை மூடுவதற்குள் நாடு முழுக்க முப்பது லட்சம் பேர்வரை அதில் வேலை பார்த்துவிட்டார்கள்.

மகன் போனில் தேடி இதையெல்லாம் படித்துச் சொன்னபோது ஓவர்சியர் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். 1977இல் தொடங்கிய வேலைக்கு உணவுத் திட்டத்தில், கோதுமை மூட்டைகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டே கண்மாய்க் கரை போட்டவர் அவர். “இருபது வயசுப் பசங்களை வெச்சுக்கிட்டு இந்த மாதிரி வேலை வாங்கணும்னா, மேஸ்திரி யாரோ நல்ல ஆளா இருந்திருக்கணும்” என்றார். அந்த மேஸ்திரியின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

நடு வழியில் இடுக்கு அகன்று கூரையில்லாத மண்டபம்போல ஆகிறது. அதுதான் கதீட்ரல். தரைப் பாறையில் சின்னச் சின்ன அலைவரிகள். கடற்கரை ஈர மணலில் அலை வழித்துவிட்டுப் போகுமே, அப்படியே. 38 கோடி வருடங்களுக்கு முன் இது கடலடி. சேறும் மணலும் மாறி மாறிப் படிந்து ஷேலாகவும் மணற்பாறையாகவும் இறுகின. பார்க்க அப்பளக்கட்டு மாதிரி. ஷேல் சீக்கிரம் கரையும், மணற்பாறை கரையாது. அதனால் தண்ணீர் ஓரிடத்தில் படியை விட்டுவைக்கிறது, அடுத்த இடத்தில் குழியைத் தோண்டுகிறது. அருவி, குட்டை, அருவி, குட்டை என்று வருவது இதனால்தான். செனகா ஏரி கிடக்கும் பள்ளத்தைப் பனியாறுகள் அடிவரை சுரண்டிவிட்டுப் போனதில், பக்கவாட்டு ஓடை அந்தரத்தில் மாட்டிக்கொண்டது. பனி விலகிய சுமார் 12,000 வருடங்களாக ஏரி மட்டத்துக்கு இறங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வேலை இன்னும் முடியவில்லை.

ரெயின்போ அருவியில் எல்லோரும் போட்டோ எடுப்பதால் அங்கே ஐந்து நிமிடம் வரிசை. மேலே மூன்று அடுக்கு அருவி, நடுவில் வளைந்த கல்பாலம், பக்கத்துப் பாறையிலிருந்து மெல்லிசாக இன்னொரு தண்ணீர்த் திரை. படங்களில் வாட்கின்ஸ் கிளென் என்று வருவது இந்த ஓரிடம்தான். அதைத் தாண்டினால் கூட்டம் பாதியாகிவிடும். சுழலிடுக்கு என்று பொருள்படும் பெயர் கொண்ட பகுதி அதற்கப்புறம் வருகிறது. இருட்டாக, குளிராக, சொட்டுச் சத்தத்தோடு. எது நல்ல இடம் என்று கேட்டால் இதைச் சொல்லலாம். கடைசியில் 180 படிகளோடு ஜேக்கப் ஏணி. அதன் உச்சியில் பேத்தியின் கணக்கு 811இல் நின்றது. தாத்தா எண்ணவே இல்லை என்று சொல்லிவிட்டு, “எண்ணூத்தி இருபத்தி ஒன்பது” என்றார்.

திரும்பி வரும்போது பாட்டி வேனுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து வண்டிக்காரம்மாவுக்கு எலுமிச்சை சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். அருவி பார்க்காத குறை முகத்தில் தெரியவில்லை. ஆனாலும் மகனுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் மூன்று மைல் தெற்கே மான்டூர் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு வண்டியை விட்டான். 1779இல் சல்லிவன் படை எரித்த கேத்தரின்ஸ் டவுன் இருந்தது அந்தப் பக்கம்தான். இப்போது வீடுகள், தபால் ஆபீஸ், மாதா கோயில் எல்லாம் வரிசையாக உள்ள ஒரு தெரு. தெருக்கோடியில், அடுத்த வீடு மாதிரி, 156 அடி உயர அருவி. ஷெக்வாகா என்று பெயர். பாட்டி வேன் ஜன்னலைத் திறந்தார், பார்த்தார். “இவ்ளோ வசதியா ஓர் அருவி இருக்கறப்ப எதுக்கு அத்தனை படி ஏறினீங்க?”

அடுத்த நாள் டாகனக். கயூகா ஏரியின் மேற்குக் கரையில், வாட்கின்ஸ் கிளெனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படியே கிடையாது. முக்கால் மைல் சமதளப் பாதை, இருபுறமும் 400 அடி வரை உயரும் பாறைச் சுவர், முடிவில் 215 அடி உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழும் தண்ணீர். நயாகராவைவிட உயரம். பாட்டி கைத்தடியோடு கடைசி வரை நடந்தார். நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அருவிக்கு எதிரே நின்று புடவைத் தலைப்பைச் சாரலில் நனைத்து முகம் துடைத்துக்கொண்டார். ஓவர்சியர் தேடிப் பார்த்தும் இங்கே பாராட்ட ஒரு சுவர்கூட அகப்படவில்லை. “தண்ணி மட்டும்தான் இருக்கு” என்று முணுமுணுத்தார். அப்படிச் சொன்னதற்காக வேன் வரை திட்டு வாங்கினார்.

கிளம்புவதற்கு முன் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவேண்டும். இதைப் பற்றி யாரும் பயணக் கட்டுரையில் எழுதுவதில்லை. கழிப்பறைத் தொட்டியைக் கருப்பு என்றும், பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியைச் சாம்பல் என்றும் சொல்கிறார்கள். கருப்பை முதலில் திறக்கவேண்டும். அப்புறம் சாம்பலைத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றினால் நாற்றம் ஊர் வரை கூட வரும். மகன் கையுறை போட்டுக்கொண்டு தயங்கினான். அப்பா குழாயின் வாட்டத்தைக் காலால் சரிசெய்து, “இப்ப தொற” என்றார். எட்டு நிமிடத்தில் முடிந்தது.

போகிறவர்களுக்கு இரண்டு மூன்று சங்கதிகள். வாட்கின்ஸ் கிளெனின் இடுக்குப் பாதை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். வசந்தத்தில் ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, பனியில் விரிசல் விட்ட கற்களையெல்லாம் கீழே தள்ளிய பிறகே, மே மாத வாக்கில் திறப்பார்கள். மூச்சு வாங்குகிறவர்கள் மேல்வாசலில் தொடங்கிக் கீழே இறங்கலாம். படி அதேதான், மூச்சு மிச்சம். நாய்க்கு அனுமதி இல்லை. ஃபிரிட்ஜ் கொக்கியை இரண்டு முறை பாருங்கள். விறகை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.